வேலை, சக்திக் கணக்குகளுக்கு நியூற்றன் விதி மட்டும் போதாதா?

உயர்தரப் பௌதிகவியலில் வேலை, சக்திக் கணக்கு வந்தால் எந்தச் சூத்திரத்தை எடுப்பதென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் நியூற்றன் விதியால் செய்தால் என்ன என்று அம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிரத்தியேக வகுப்பில் தந்த சூத்திரத் தாளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை மூடி வைத்துவிட்டு, கணக்கில் தொடக்கம், முடிவு என்று இரண்டு கணங்களைத் தெரிவுசெய்து, இடையில் எந்தெந்த விசை வேலை செய்தது என்று எழுதுங்கள்.

நான் மண்டூரைச் சேர்ந்தவன். குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (எங்கள் ஊரில் மிதவைப் படகைப் பாதை என்போம்) வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் வகுப்புக்குப் போனவன். தவணைப் பரீட்சை ஒன்றில் ஒரு கணக்கு வந்தது: 2 கிலோகிராம் குற்றி, கிடையுடன் 30 பாகை சாய்ந்த கரடான தளத்தில் ஓய்விலிருந்து 4 மீற்றர் வழுக்குகிறது, உராய்வு விசை 6 நியூற்றன், இறுதிக் கதி என்ன? குற்றி இறங்கிய உயரம் 2 மீற்றர், ஆகவே ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் அழுத்தசக்தி இழப்பு 40 யூல். உராய்வுக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை 24 யூல். மிகுதி 16 யூல் இயக்கசக்தி. ஆகவே கதி செக்கனுக்கு 4 மீற்றர் என்று எழுதினேன். எதிர்பார்த்த படிமுறை இல்லையென்று ஆசிரியர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். ஆசிரியர் அறைக்குச் சென்று, விளையுள் விசை 4 நியூற்றன், ஆர்முடுகல் 2, கதியின் வர்க்கம் 16 என்று அவர் கேட்ட வழியிலும் செய்து காட்டினேன். அதே விடைதான் வந்தது, புள்ளி வரவில்லை. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த என் வகுப்பினர் பலர் சக்தி முறையையே கைவிட்டார்கள் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இரண்டு முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. நேரத்தையோ இழையின் இழுவையையோ கேட்டால் நியூற்றன் விதிதான் கைகொடுக்கும். தளம் வளைந்திருந்தாலோ, ஆர்முடுகல் கணத்துக்குக் கணம் மாறுவதால், மாறா ஆர்முடுகலுக்கான சமன்பாடுகள் அங்கே செல்லாது. சக்தி முறைக்கு உயர வேறுபாடும் உராய்வால் இழந்த சக்தியும் தெரிந்தால் போதும். கணிப்பானின்றி 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களைச் செய்ய வேண்டிய பரீட்சையில் இது சிறிய உதவியன்று.

நான் கற்பிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழை, ஈர்ப்பை இரண்டு முறை எண்ணுவது. அழுத்தசக்தி மாற்றத்தை எழுதிவிட்டால் நிறை செய்த வேலையை மீண்டும் எழுதக் கூடாது, ஏனெனில் இரண்டும் ஒன்றே. அடுத்தது, இயக்கத் திசைக்குச் செங்குத்தான விசைக்கு வேலை கொடுப்பது. துறையில் ஒருவர் 50 கிலோகிராம் அரிசி மூட்டையை நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயர்த்தித் தோளில் வைக்கும்போது ஈர்ப்புக்கு எதிராக 750 யூல் வேலை செய்கிறார். அதைச் சுமந்து மட்டமான தரையில் சீராக நடக்கும்போது, தோள் மேல்நோக்கிக் கொடுக்கும் விசை மூட்டையின் மீது வேலை எதுவும் செய்வதில்லை. அவருக்கு வியர்ப்பது உண்மை. தசைகள் செலவிடும் இரசாயனச் சக்தி வெப்பமாகிறது, மூட்டைக்குப் போவதில்லை. சாய்தளத்தின் செவ்வன் மறுதாக்கம் வேலை செய்யாததற்கும், விசை இயக்கத்துக்குச் செங்குத்தாக இருப்பதே காரணம்.

பயிற்சிக்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. இங்கினியாகல நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 11.25 மெகாவற்று. நீர் 30 மீற்றர் இறங்குவதாகவும் இழப்பே இல்லையெனவும் எடுத்துக்கொண்டால், ஒரு கனமீற்றர் நீர் 3,00,000 யூல் தரும். முழு வலுவுக்குச் செக்கனுக்கு 37.5 கனமீற்றர் நீர் வேண்டும். இதை நீரின் ஆர்முடுகலிலிருந்து தொடங்கிச் செய்ய முயன்று பாருங்கள், நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும்.