கால்பந்தில் ஒரு நல்ல அட்டாக்கிங் மிட்ஃபீல்டருக்கு முக்கியமாக என்ன வேண்டும்? டிரிப்ளிங்கா (பந்தோடு ஆளைத் தாண்டிப் போவது), பாஸா, கோலா?

மூன்றும் வேண்டும்தான். ஆனால் கேள்வியில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் வைப்பேன். பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய இரண்டு விநாடி. அந்த நேரத்தில் அவர் எங்கே போய் நின்றார், தலையைத் திருப்பி எதையெல்லாம் பார்த்து வைத்தார் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும்.

அவர் ஆடும் இடம் அப்படி. எதிரணியின் டிஃபென்ஸ் வரிசைக்கும் மிட்ஃபீல்டு வரிசைக்கும் நடுவில் உள்ள சந்துதான் அவர் பேட்டை. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற அணி அந்தச் சந்தை முடிந்தவரை குறுக்கித்தான் வைக்கும். ஓரத்தில் ஆடும் விங்கருக்கு ஒரு பக்கம் கோடு, அங்கிருந்து யாரும் வந்து பந்தைப் பிடுங்க முடியாது. டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குக்கு ஆட்டம் பெரும்பாலும் முகத்துக்கு நேரே நடக்கிறது. இவருக்கு மட்டும் நாலு பக்கமும் ஆள், அதிலும் பாஸ் வரும்போது பெரும்பாலும் கோல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பந்து வந்த பிறகு நிமிர்ந்து பார்த்து யோசிக்கலாம் என்று நினைத்தால் அதற்குள் ஒருவர் மேலே ஏறிவிடுவார். அதனால்தான் ஷாவி, லம்பார்ட் மாதிரி ஆட்களின் பழைய வீடியோக்களில் பந்து அவர்களிடம் இல்லாத நேரத்தில் கழுத்தைக் கவனிக்கச் சொல்வேன், ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். பார்த்து வைத்தவர்தான் உடம்பைப் பாதி திருப்பிப் பக்கவாட்டில் நின்று பந்தை வாங்கி, முதல் தொடுதலிலேயே கோல் பக்கம் திரும்ப முடியும். பார்க்காதவர் வந்த வழியே திருப்பித் தட்டிவிடுவார். இந்த ஒரு வித்தியாசத்திலேயே ஆளை எடைபோட்டுவிடலாம்.

1986 உலகக் கோப்பை என்றால் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த கோலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தம் இறுதி ஆட்டத்தில் அவர் கொடுத்த ஒரு பாஸ். மேற்கு ஜெர்மனி 0-2 என்று பின்தங்கி, 2-2 ஆக்கிவிட்டது. 84-வது நிமிடத்தில் மைதானத்தின் நடுப்பகுதியில், சுற்றிலும் ஜெர்மன் ஆட்கள், மரடோனா பந்தை நிறுத்தக்கூட இல்லை. இடது காலால் ஒரே தட்டு, புருச்சாகா ஓடும் வழியில் போய் விழுந்தது, அவர் கோல் அடித்தார், அர்ஜென்டினாவுக்குக் கோப்பை. புருச்சாகா ஓடப்போகிறார் என்பது பந்து வருவதற்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த பாஸ் சாத்தியம்.

இதற்கு அடுத்துதான் பாஸ். எல்லோரும் பாஸைக் 'கண்டுபிடிப்பது' பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அதைவிட பாஸின் வேகம் முக்கியமாகப் படுகிறது. ஓடுகிறவர் தன் வேகத்தைக் குறைக்காமல் அடிக்கிற மாதிரி பந்து வந்து சேர வேண்டும். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலனின் காக்கா மிட்ஃபீல்டில் திரும்பி கிரெஸ்போவுக்குக் கொடுத்ததைப் பாருங்கள். கிரெஸ்போ பந்தை நிறுத்தவே இல்லை, முதல் தொடுதலிலேயே கோல்கீப்பருக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். (3-0 என்று முன்னிலை பெற்றும் மிலன் அந்த ஆட்டத்தில் தோற்றது வேறு கதை.) ஓசிலும் இப்படித்தான், பார்க்கச் சோம்பேறி மாதிரி இருப்பார், 2015-16 சீசனில் ஆர்சனலுக்காக பிரீமியர் லீக்கில் 19 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த கடைசி பாஸ்).

பாஸ் துல்லிய சதவீதத்தை வைத்து இந்த இடத்து ஆட்டக்காரரை மதிப்பிடாதீர்கள், தயவுசெய்து. பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தொண்ணூறு சதவீதம் வரும். டி புருய்னே, புரூனோ ஃபெர்னான்டஸ் எல்லாம் ஒரு ஆட்டத்தில் எத்தனையோ பந்தை இழக்கிறவர்கள். அதே டி புருய்னேதான் 2019-20 பிரீமியர் லீக்கில் 20 அசிஸ்ட் கொடுத்து, ஒரே சீசனில் அதிக அசிஸ்ட் என்கிற தியரி ஹென்றியின் சாதனையைத் தொட்டார். பந்தை இழப்பது இந்த வேலையின் ஒரு பகுதி, எங்கே இழக்கிறோம் என்பதில்தான் புத்தி வேண்டும். எதிரணி பாக்ஸ் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதி) ஓரத்தில் முயன்று போனால் பரவாயில்லை. இரண்டு ஓரத்திலும் டிஃபென்ஸ் ஆடும் ஃபுல் பேக்குகள் மேலே ஏறியிருக்கும் நேரத்தில் நடு மைதானத்தில் ஸ்டைல் காட்டிப் பறிகொடுத்தால் அது கோல்தான், நமக்கு எதிராக.

கோல் அடித்தால் நல்லது, ஆனால் அது அணியின் அமைப்பைப் பொறுத்தது. லம்பார்டும், ரியல் மாட்ரிட்டில் முதல் சீசனிலேயே லீக்கில் 19 கோல் அடித்த பெல்லிங்காமும் செய்தது ஒரே வேலை: ஸ்ட்ரைக்கர் டிஃபெண்டர்களை இழுத்துக்கொண்டு போன பிறகு பாக்ஸுக்குள் தாமதமாக வந்து சேர்வது.

டிரிப்ளிங்கை நான் கடைசியில் வைப்பேன், இதற்குச் சிலர் சண்டைக்கு வரலாம். சரி, தாமஸ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வேகம் இல்லை, கண்ணைக் கவரும் டிரிப்ளிங் இல்லை, ஓடுவதே ஒரு மாதிரி கோணலாக இருக்கும். ஆனாலும் இரண்டு உலகக் கோப்பைகளில் 10 கோல், 2019-20 புண்டஸ்லிகாவில் 21 அசிஸ்ட். எல்லாம் இடம் பார்த்து நின்றே சம்பாதித்தது. முசியாலா மாதிரி நெருக்கத்தில் ஆளைத் தாண்டத் தெரிந்தால் அது போனஸ்.

அப்புறம் ஒன்று, எனக்குக் கொஞ்சம் வருத்தமானது. பந்து இல்லாதபோது ஓடாத நம்பர் 10-க்கு (அட்டாக்கிங் மிட்ஃபீல்டரை அப்படித்தான் சொல்வார்கள்) இன்றைக்கு இடமே இல்லை. நான் ரசித்துப் பார்த்தவர் ரிக்கெல்மே. ஆட்டத்தின் வேகத்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைப்பார், காலை பந்தின் மேல் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காத்திருக்க வைப்பார். இப்போது எதிரணிகள் இரண்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்களை வைத்து அந்த இடைவெளியையே அடைத்துவிடுகின்றன. பந்தை இழந்த அடுத்த கணமே மேலேறிப் பறிப்பதுதான் சிறந்த பிளேமேக்கர் (கோல் வாய்ப்புகளை உருவாக்குகிறவர்) என்கிற பொருளில் லிவர்பூலின் முன்னாள் பயிற்சியாளர் கிளாப் பேசியிருக்கிறார், பெரும்பாலான பயிற்சியாளர்களும் இன்று அந்தப் பக்கம்தான். ஆர்சனலில் ஓடெகார்ட் பாஸ் கொடுப்பதோடு பிரஸ்ஸிங்கையும் (எதிரணி மேல் ஏறிப் பந்தைப் பறிப்பது) முன்னின்று தொடங்குகிறவர். பிர்லோ இளம் வயதில் நம்பர் 10 ஆக இருந்து, பின்னால் தள்ளி ஆட வைக்கப்பட்ட பிறகுதான் உலகத்தரம் ஆனார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கற்பனை உள்ளவர்கள் எங்கும் போய்விடவில்லை, சிலர் பக்கவாட்டுக்கும் சிலர் பின்னாலும் நகர்ந்துவிட்டார்கள்.

நீங்களே இந்த இடத்தில் ஆடுகிறவர் என்றால், நண்பர் பாஸ் கொடுக்கக் காலைத் தூக்கும்போதே இரண்டு தோளுக்கும் மேலாக ஒருமுறை திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். ஆரம்பத்தில் பந்தே தவறிப்போகும், கொஞ்ச நாளில் கழுத்து தானாகத் திரும்பும்.