எழுத வருகிறது, பேச வரவில்லை: மலைக் கல்லூரி மாணவர்களின் கேள்விகள்

வீட்டில் படுகு, வெளியில் தமிழ். ஆங்கிலம் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. (கோத்தகிரி, பி.காம்.)

ஏற்கெனவே 2 மொழியை இலக்கணப் புத்தகம் இல்லாமல் பிடித்தவர் நீங்கள், அதை மறக்க வேண்டாம். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, பேசும்போது கிடைப்பதில்லை, அவ்வளவுதான். இதற்கு 4-3-2 என்று ஒரு பயிற்சி உண்டு. நன்றாகத் தெரிந்த ஒன்றை, உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) நடக்கும் ஹெத்தையம்மன் பண்டிகையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தோழியிடம் 4 நிமிடம் சொல்லுங்கள், அப்புறம் அதையே இன்னொருத்தியிடம் 3 நிமிடத்தில், மூன்றாவது ஆளிடம் 2 நிமிடத்தில். விஷயம் அதேதான் என்பதால் மூன்றாவது முறை திணறல் நன்றாகக் குறைந்திருக்கும். நடுவில் யாரும் தப்பைத் திருத்தக் கூடாது, ஓட்டம் போய்விடும்.

சீசனில் கைடு வேலை பார்க்கிறேன். சரியான வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுகிறேன். (ஊட்டி)

நிற்காதீர்கள், சுற்றிச் சொல்லுங்கள். கவாத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாவிட்டால் 'தே கட் த டீ புஷ் ஷார்ட், தென் நியூ லீவ்ஸ் கம்' என்று சொன்னால் போதும். பல சமயம் கேட்பவரே 'ஓ, ப்ரூனிங்?' என்று எடுத்துக் கொடுப்பார். அப்படிக் கிடைத்த சொல் லேசில் மறக்காது.

நான் பேசுவது வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை. அமெரிக்க உச்சரிப்பு பழக வேண்டுமா? (கொடைக்கானல்)

வேண்டவே வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் அழுத்தத்தில் இருக்கிறது. நாம் 'ஹோட்டல்' என்று முதல் அசையை அழுத்துகிறோம், ஆங்கிலத்தில் அழுத்தம் 'டெல்' மீது விழும். 'டெவலப்' சொல்லிலும் இரண்டாவது அசைதான். போனில் ஒரு நேர்காணலை அரை நிமிடம் ஓடவிட்டு, பேசுபவரின் நிழல் மாதிரி ஒரு நொடி பின்னாலேயே நீங்களும் சொல்லிக்கொண்டே போங்கள், அதைப் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், எங்கே இடறுகிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

சப்டைட்டிலோடு படம் பார்த்தால் போதுமா? (கூடலூர்)

போதாது. காது பழகும், வாய் பழகாது.

ஆங்கிலத்தில் பேசினால் 'சீன் போடாதே' என்கிறார்கள். (குன்னூர்)

இது வலிக்கும், எனக்குத் தெரியும். வகுப்பு முழுக்க ஒத்துழைக்க வேண்டியதில்லை, உங்களைப் போலவே தயங்கும் ஒரு தோழி போதும். ஊட்டி பஸ்ஸில் இருவரும் சேர்ந்து உட்காருங்கள், அருவங்காடு வரை ஆங்கிலம் மட்டும், அதன்பின் தமிழில் மனம்விட்டுப் பேசுங்கள். சரி, இரண்டு வாரத்தில் அது பழகிவிட்டால் எல்லநள்ளி வரை நீட்டுங்கள்.