எலக்ட்ரோலிசிஸ் செய்த பிறகு முகத்தில் தழும்பு விழுமா?

முகத்திலுள்ள முடியை எலக்ட்ரோலிசிஸ் முறையில் நிரந்தரமாக நீக்கும்போது, மிக மெல்லிய ஊசியொன்றை முடிக்குழியினுள் செலுத்தி, முடியை வளர்க்கும் செல்களை மின்சாரத்தால் அழிக்கிறார்கள். 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்த இமைமுடிகளை அகற்றக் கையாண்ட முறையே இது.

ஒவ்வொரு குழியிலும் உண்டாவது ஒரு நுண்ணிய தீக்காயம் என்பதால், சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு, குறிப்பாக மேலுதட்டிலும் தாடையிலும், கடுகளவுப் பொருக்குகள் தோன்றும். அவற்றின் அடியில் புதுத்தோல் வளர்ந்துகொண்டிருக்கும். சிமெண்டுத் தரை இறுகுமுன் கால் வைத்தால் தடம் நிலைத்துவிடுவது போல, பொருக்கை நகத்தால் பெயர்த்தால் ஆறவேண்டிய இடம் குழியாகலாம். மிகையான மின்சாரம், ஊசியைத் தவறான ஆழத்தில் செலுத்துதல், நெருங்கிய முடிகளை ஒரே அமர்வில் நீக்குதல், கிருமித்தொற்று ஆகியவையும் தழும்புக்குக் காரணமாகும். என் கணிப்பில், செய்பவரின் கைத்திறனே இவற்றுள் முதன்மையானது. கெலாய்டு எனும் தடித்த தழும்பு முன்பு வந்தவர்கள் தோல் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். வலியும் சீழும் கூடினால் தாமதிக்கக் கூடாது.

பொருக்கு உதிர்ந்தபின் நிற்கும் பழுப்புப் புள்ளியைப் பலரும் தழும்பென்று அஞ்சுகிறார்கள். ஆனால் விரலால் தடவும்போது மேடோ பள்ளமோ தட்டுப்படாவிட்டால், அது பெரும்பாலும் அழற்சிக்குப் பின் மிகுந்த நிறமியே, வெயில் படாமல் காத்தால் சில மாதங்களில் மங்கிவிடும்.