‘விளிக்காம்’ என்றார்கள், போன் வரவில்லை

கேள்வி: அக்கா, எனக்குக் கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி வேலைக்கு இன்டர்வியூ போனேன். நன்றாகத்தான் போனது. மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் (அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) கேட்டபோது மட்டும் பதற்றத்தில் 0.02 என்று உளறிவிட்டேன். ‘விளிக்காம்’, அதாவது ‘கூப்பிடுகிறோம்’ என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் தாண்டியும் போன் இல்லை. ஓணம் வேறு வருகிறது. அங்கே ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவரை மாமாவுக்குத் தெரியுமாம், சொல்லிப் பார்க்கட்டுமா என்கிறார். இங்கே 30 நாள் நோட்டீஸ். இப்போதே ராஜினாமா கொடுத்து வைக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, சம்பளமும் சேர வேண்டிய தேதியும் அதில் எழுத்தில் இருந்து, நீங்களும் சம்மதம் அனுப்பிய பிறகுதான் அந்தப் பேச்சு. கஞ்சிக்கோட்டில் நான் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தபோது, வாய்வார்த்தையை நம்பிப் பழைய வேலையை விட்டுவிட்டு கேட்டில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பத்தான் எங்களால் முடிந்தது.

போன் வராததற்கு மைக்ரோமீட்டர்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓணம் நெருங்கினால் இங்கே ஹெச்.ஆர். ஆட்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பண்டிகைக்கு முன்னால் போனஸ் கொடுத்தாக வேண்டும். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், யூனியன் அதற்கு மேல் கேட்கும், பேச்சுவார்த்தை இழுக்கும், அப்புறம் ஆள் ஆளுக்கு வேலை நாள் கணக்கு. உங்கள் ஃபைல் யாரோ ஒருவர் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கும். திருவோணத்தை ஒட்டி ஆபீஸே காலியாகிவிடும். லீவு முடிந்து திறக்கிற நாளை விட்டுவிட்டு, மறுநாள் காலை பத்தரைக்கு மேல் ஒரு தடவை போன் செய்யுங்கள். ‘முடிவு எப்போது தெரியும்?’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி சொன்னால் அது தாண்டி இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள். இன்டர்வியூ முடிந்த மறுநாளே போயிருக்க வேண்டியது, பரவாயில்லை. வெறும் நன்றிக் கடிதத்தை எங்கள் ஆபீஸில் யாரும் முழுசாகப் படித்ததில்லை. உங்களுடையதில் படிக்க ஒரு விஷயம் இருக்கிறது. எந்த வேலை, என்றைக்கு இன்டர்வியூ என்பதைத் தலைப்பில் போடுங்கள். உள்ளே நன்றி ஒரு வரி. அடுத்து, ‘நான் சொன்னது வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட். மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ.; ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், சுற்றும் திம்பிளில் 50 கோடு’ என்று எழுதுங்கள். 30 நாளில் சேர முடியும் என்று முடியுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கேள்வி கேட்டவருக்கு அந்தப் பதில் கட்டாயம் ஞாபகம் இருக்கும். தப்பான அளவைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற ஆளைத்தானே குவாலிட்டிக்குத் தேடுகிறார்கள்!

மாமா ‘ஆள் எடுத்தாயிற்றா?’ என்று மட்டும் விசாரிக்கட்டும். சிபாரிசு வேண்டாம். ப்ரொடக்‌ஷன்காரர் அனுப்புகிற பீஸைத் திருப்பி அனுப்புவதுதான் உங்கள் வேலையாக இருக்கப் போகிறது. அவர் சொல்லி வந்தவர் என்று பெயர் விழுந்தால் குவாலிட்டி மேனேஜர் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இடையில் யாராவது கூப்பிட்டு யூனிஃபார்முக்கு, டிரெயினிங்குக்கு என்று பணம் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், காட்டினால் போதும்.

ஆஃபர் வந்தால் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கையும் அதில் சேர்த்திருப்பார்கள். உங்கள் பங்காக 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். கையில் எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாம் ஷிஃப்ட் உண்டா, அது முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ் கொழிஞ்சாம்பாறை வரை வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சேரும்போது கோவைக் கம்பெனியில் கொடுத்த அதே யூ.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணைக் கொடுங்கள், புதிதாக ஒன்று எடுக்க வேண்டாம்.