தாலியை அத்தை எடுத்துத் தரலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குப் பாளையங்கோட்டை, வயது 27. வைகாசியில் கல்யாணம். ஐயர், ஹோமம், நகைப் பேரம் எதுவும் வேண்டாம் என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். அப்பா "இது சட்டப்படி செல்லுமா?" என்கிறார். மந்திரம் சொல்லாத கல்யாணத்தில் கை நனைக்க மாட்டேன் என்கிறாள் ஆச்சி. என்னைக் கட்டப்போகிறவரின் அம்மா, அதாவது அத்தை, கணவரை இழந்தவர். தாலியை அவர்தான் எடுத்துத் தர வேண்டும் என்பது எங்கள் ஆசை. சொன்னதுமே அழுதுவிட்டார். "நான் பந்திப் பக்கம் நின்னுக்கிடுதேன், விட்டுருங்க" என்றவர், இப்போது போனை எடுப்பதில்லை. என் அம்மாவும் அமங்கலம் என்கிறாள். அத்தையைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

பதில்:

அப்பாவின் கேள்வி எளிது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு, தமிழ்நாட்டுக்கென்று 1967-இல் கொண்டுவந்த திருத்தம். 1968 முதல் நடப்பில் இருக்கிறது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதர் தேவையில்லை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அழைப்பிதழில் செல்லப்பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் அங்கேதான் இழுக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள்.

ஆச்சிக்கு வேண்டியது இந்தக் கல்யாணத்தில் அவருக்கென்று ஒரு இடம். முதல்நாள் நெல்லையப்பர் கோயிலில் அவர் கையால் ஒரு அர்ச்சனை. மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முழுக்க அவர் பொறுப்பு. முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றணும், கொதிக்க விடக்கூடாது என்று சமையல்காரரோடு மல்லுக்கு நிற்கிறவர் சாப்பிடாமலா போவார்?

அத்தை விஷயம்தான் கனமானது. அவர் பயப்படுவது சாமிக்கு அல்ல. நாளைக்குக் குழந்தை தள்ளிப்போனாலோ, மகனுக்கு ஏதாவது உடம்புக்கு வந்தாலோ, "அவ கை பட்டதுதான்" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வராது, அவர் காதில்தான் விழும். உங்கள் கொள்கைக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. ஆகவே சம்மதிக்க வைக்கும் எண்ணத்தை விடுங்கள்.

இருவருமாகப் போய் நிற்காமல் மகன் மட்டும் நேரில் போகட்டும். தாலி எடுத்துத் தருவது, தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவரும்போது முதல் ஆளாகத் தொடுவது, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்வது: மூன்றையும் சொல்லிவிட்டுப் பதில் கேட்காமல் எழுந்து வரட்டும். பத்து நாள் கழித்துக் கேட்கலாம். "எதுவும் வேண்டாம்" என்றால் அதுவே முடிவு.

அதற்குள் நீங்கள் உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். தட்டில் இரண்டு சம்பந்திகளின் கையும் சேர்ந்து இருந்தால், பேச நினைப்பவர்கள் பெண்ணைப் பெற்றவளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அந்தத் துணிச்சல் பாதிப் பேருக்கு வராது. அம்மா மறுத்தால் தாலி எடுத்துத் தரும் யோசனையையே கைவிடுவது நல்லது. அத்தையைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

அன்றைக்குக் காரியம் கெடுவது பெரும்பாலும் சின்ன இடத்தில்தான். போட்டோகிராபரோ யாராவது பெரியம்மாவோ "சுமங்கலிங்க மட்டும் வாங்க" என்று பழக்கத்தில் குரல் கொடுத்துவிடுவார்கள், அத்தை படியிறங்கிவிடுவார். போட்டோகிராபரிடம் முன்பே சொல்லுங்கள். ஆலத்தி எடுக்க யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். வாய்த்துடுக்கான மதினி ஒருத்தியை அத்தை பக்கத்திலேயே நிறுத்துங்கள். மைக்கில் "மணமகனின் தாயார்" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். புரட்சி, மறுமலர்ச்சி என்று யாரும் முழங்க வேண்டாம்.