சொந்தக் காரணங்களுக்காக

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 9 ஆண்டுகளாகக் கட்டிங்கில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் இல்லை. 'ராஜினாமா எழுதிக் கொடு, நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்' என்கிறார்கள். திங்கட்கிழமை வரை தவணை. முதலாளி நல்லவர், என் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். அவரே நட்டத்தில் இருக்கும்போது உரிமை பேசுவது நன்றிகெட்டதனம் இல்லையா? இந்தச் சரிவு எப்போது தீரும்?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

சரிவு எப்போது தீரும் என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்திருப்பார், கணக்குத் தீர்ந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ராஜினாமா' என்ற சொல். என் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் என்னும் நூற்பு எந்திரம் பார்த்தவர். மில்லில் லே-ஆஃப் விட்டார்கள், அதாவது வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும், ஆனால் தினமும் நேரில் போய் வருகையைப் பதிய வேண்டும். அப்பா சவரம் செய்து, தூக்குப்போசியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஏழு மணிக்குக் கேட்டில் நிற்பார். ஏழரைக்குத் திரும்பிவிடுவார். மதியம் அதே தூக்குப்போசியைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார். "கையெழுத்து இல்லாத நாளுக்குக் காசு இல்லை கண்ணு" என்பார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அப்படிப்பட்டவர், டைம் ஆபீஸில் நீட்டிய நாலு வரி ஆங்கிலத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' அவருக்கு என்ன சொந்தக் காரணம்? எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அதுவா?

அவர்கள் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. குறைந்தது ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். உங்களுக்கு 135 நாள். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்களே விலகினால் இதில் ஒன்றும் கிடையாது. பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பி.எஃப். பணமும்தான் மிஞ்சும். சட்டம் சும்மா தருவதை விற்றுவிட்டு, 'கூப்பிடுகிறோம்' என்ற வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு வரப்போகிறீர்கள். இதற்கு நன்றி என்று பெயர் வைக்க வெட்கமாக இல்லையா? 9 ஆண்டு துணி வெட்டியவருக்கு அளவு தெரிய வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டியது. அன்று எனக்குப் பதினான்கு வயது.

சம்பளச் சீட்டுகளையும் இஎஸ்ஐ அட்டையையும் இன்றிரவே எடுத்து வையுங்கள். நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மாலையில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.