வாக்குச்சீட்டில் பெயரில்லாத தலைவர்: கேள்வி பதில்

கனடாவில் மக்கள் ஒரு தேசியத் தலைவரை எதை வைத்து மதிக்கிறார்கள், எதை வைத்துக் கழிக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி: 1993 தேர்தலிலிருந்து வீடு வீடாகக் கதவு தட்டுகிறேன். இடையில் சில வருடம் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பின்னேரத் தொலைபேசி வேலையும் பார்த்தேன். எந்தக் கட்சிக்காகத் தட்டினேன் என்று கேட்காதீர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்குத் தட்டியிருக்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து: அண்ணை, நான் முதல் தடவை வோட் போட்டது 2025இல. சீட்டில கார்னியின்ர பேரும் இல்லை, பொலியேவின்ர பேரும் இல்லை. பிறகு எப்படி எல்லாரும் "கார்னிக்குப் போட்டன்" எண்டு சொல்லுகினம்?

அவர்கள் சொல்வது சட்டப்படி பிழை, மனசுப்படி சரி. 343 தொகுதிகளில் லிபரல் தலைவர் மார்க் கார்னியின் பெயர் இருந்தது நெப்பியனில் மட்டும். கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொலியேவின் பெயர் கார்ல்டனில் மட்டும். மற்ற இடங்களில் உங்கள் வேட்பாளரின் பெயரும் கீழே கட்சியின் பெயரும்தான். அந்தக் கட்சிப் பெயர்கூட 1972 தேர்தலில்தான் சீட்டுக்கு வந்தது. அதற்கு முன் வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில், அவ்வளவுதான். வக்கீலா விவசாயியா என்று பார்த்துப் போட வேண்டியதுதான்.

ஆனால் கதவைத் தட்டினால் திறப்பவர் வேட்பாளரைப் பற்றிக் கேட்பது அபூர்வம். கையில் இருக்கும் துண்டுப்பிரசுரத்தில் தலைவரின் படத்தைத் தேடுவார். சிலர் படத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார்கள். வேட்பாளர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார், பாவம்.

மார்க்கத்திலிருந்து: ஒன்றரை வருடமாகக் கருத்துக்கணிப்பில் முன்னுக்கு நின்ற பொலியேவ் எப்படித் தோற்றார்? ஊடகங்கள் சேர்ந்து கவிழ்த்தார்கள் என்று என் மைத்துனர் சத்தியம் பண்ணுகிறார்.

மைத்துனரோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். பொலியேவின் கன்சர்வேட்டிவ் கட்சி 41 வீதத்துக்கு மேல் எடுத்தது, 144 ஆசனம். 1988க்குப் பிறகு கன்சர்வேட்டிவ் பெயரோடு நின்ற எந்தக் கட்சியும் அந்த வீதத்தைத் தொடவில்லை. அவரை விரும்பியவர்கள் ஓடிப்போகவில்லை. தராசின் மற்றத் தட்டில் இருந்த கல்தான் மாறியது.

2025 ஜனவரி 6இல் லிபரல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ விலகுவதாக அறிவிக்கும்வரை நாட்டின் கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த மனுசன் இருந்தது போதாதா?" அந்தக் கேள்விக்குப் பொலியேவைவிடச் சிறந்த பதில் கிடையாது. 20 புள்ளிக்கு மேல் முன்னால் நின்றார். பிறகு ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் என்று சொல்லிச் சொல்லி, மார்ச்சில் 25 வீத வரியையும் போட்டார். ஒரே குளிர்காலத்துக்குள் கேள்வி "ட்ரம்புக்கு முன்னால் கதிரையில் யாரை இருத்துவது?" என்று மாறிவிட்டது. அதற்கு மத்திய வங்கி ஆளுநராக இருந்த கார்னி வந்து நின்றார். வந்தவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, வீட்டுப் பாவனைக்கான கார்பன் வரியை ஏப்ரல் 1 முதல் நிறுத்தியது. "வரியை வெட்டு" என்று இரண்டு வருடம் கூவிய பொலியேவுக்கு வெட்ட வரியும் இல்லை, திட்ட ட்ரூடோவும் இல்லை.

தலைவரை மக்கள் ஒரு நிரந்தர அளவுகோலால் அளப்பதில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது. அந்த மாதத்துக் கேள்விதான் அளவுகோலைத் தேர்ந்தெடுக்கிறது.

வினிபெக்கிலிருந்து: அப்படியென்றால் இக்னாட்டியெஃபும் கார்னியும் ஒரே மாதிரி ஆட்கள்தானே? இருவரும் ஹார்வர்ட், இருவரும் வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள். ஒருவரை விரட்டினோம், மற்றவரைப் பிரதமராக்கினோம்.

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தரலாம்.

மைக்கேல் இக்னாட்டியெஃப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டு எழுதியும் கற்பித்தும் வாழ்ந்துவிட்டு வந்தவர். லிபரல் தலைவரானதும் 2009இலேயே கன்சர்வேட்டிவ் கட்சி "சும்மா வந்து போகிறவர்" என்ற கருத்தில் விளம்பரம் போட ஆரம்பித்தது. தேர்தல் நடந்ததோ 2011இல். இடைப்பட்ட இரண்டு வருடமும் அவரை யாரென்று மக்களுக்கு அறிமுகம் செய்தது எதிரணிதான். அவர் உரிய பதில் கொடுக்கவில்லை. முடிவில் லிபரலுக்கு 34 ஆசனம், சொந்தத் தொகுதியும் போனது.

கார்னி மார்ச் 9இல் தலைவரானார், ஏப்ரல் 28இல் தேர்தல். ஏழு வாரம். அதற்குள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து ஊரெல்லாம் ஒட்டவைக்க நேரம் இல்லை. அதோடு, இங்கிலாந்து வங்கியை 2013 முதல் 2020 வரை நடத்தியது 2011 மாதிரி அமைதியான ஒரு வருடத்தில் "எங்களை விட்டுப் போனவர்" என்று கேட்டிருக்கும். வரிப்போர் நேரத்தில் அதே விஷயம் "வெளியுலகம் தெரிந்தவர்" ஆகிவிட்டது. முன்பு எந்தத் தேர்தலிலும் வென்று பதவி வகிக்காத ஒருவர் பிரதமரானது கனடாவில் அதுதான் முதல் தடவை. வேறொரு காலத்தில் அதையே பெரிய குறையாகச் சொல்லியிருப்பார்கள்.

மொன்றியலிலிருந்து: கார்னியின் பிரெஞ்சைக் கேட்டு எங்கள் வேலையிடமே சிரித்தது. ஆனால் கியூபெக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். மொழி முக்கியம் என்பதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. மொழி உள்ளே போவதற்கான டிக்கெட், அவ்வளவுதான். டிக்கெட் இருப்பதால் பரிசு கிடைக்காது. லிபரல் தலைவராக இருந்த ஸ்டெஃபான் டியோன் கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பிரெஞ்சு தாய்மொழி. ஆனால் பிரிவினை வாக்கெடுப்புக்கு நிபந்தனை வைத்த 2000ஆம் ஆண்டின் தெளிவுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் என்பதால் அங்கே பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவராக இருந்த ஜாக் லேட்டன் மொன்றியலில் பிறந்த, ஆங்கிலம் தாய்மொழியானவர், பேசியது தெருப் பிரெஞ்சு. அது "எங்கட ஆள்" என்ற ஒட்டுதலைக் கொடுத்தது. 2011இல் கியூபெக்கின் 75 ஆசனத்தில் 59ஐ அவர் கட்சி எடுத்தது. கார்னிக்கு 2025இல் 78இல் 44 கிடைத்ததும் இந்த வகைதான்: பயம் வந்த இடத்தில் இலக்கணத்தை மன்னித்துவிட்டார்கள்.

கொசுறு: அந்தத் தேர்தலின் பிரெஞ்சு விவாதத்தை இரண்டு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். காரணம் அன்றிரவு மொன்றியல் கனேடியன்ஸின் ஹொக்கி ஆட்டம். கியூபெக் வாக்காளரின் முன்னுரிமை உங்களுக்குத் தெரியாததா?

ஒட்டாவாவிலிருந்து: விவாதம், புகைப்படம், வாய்தவறிய ஒரு சொல். இவற்றால் உண்மையாகத் தேர்தல் மாறுமா, அல்லது பத்திரிகைக்காரர் பிறகு கட்டும் கதையா?

பாதிக்கு மேல் பிறகு கட்டும் கதை.

1974இல் கன்சர்வேட்டிவ் தலைவர் ரொபர்ட் ஸ்டான்ஃபீல்ட் நோர்த் பேயில் விமானம் நின்ற இடைவெளியில் உதைபந்து இல்லை, அந்த நீள்வட்டப் பந்து, அதைப் பிடித்து விளையாடினார். பல தடவை சரியாகவே பிடித்தார். புகைப்படக்காரர் அந்தப் படங்களையும் அனுப்பினார். மறுநாள் பத்திரிகைகளில் வந்தது பந்து கை நழுவி, முகம் கோணி, முழங்கால் மடிந்து நின்ற ஒரே படம். "அந்தப் பந்தால் தோற்றார்" என்று இன்றும் சொல்வார்கள். என் கணிப்பில் அவரைத் தோற்கடித்தது சம்பளத்தையும் விலையையும் முடக்குவேன் என்று அவர் சொன்ன திட்டம். லிபரல் பிரதமர் பியர் ட்ரூடோ (ஜஸ்டினின் தகப்பன்) அதை மேடைக்கு மேடை கேலி செய்து பெரும்பான்மை எடுத்தார். அடுத்த வருடமே அதே கட்டுப்பாட்டைத் தானே கொண்டுவந்தார்! ஆனால் ஜனங்களுக்கு நினைவிருப்பது பந்துதான். அந்தப் படம் ஏற்கெனவே இருந்த ஓர் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது: ஆள் நல்லவர், ஆனால் தடுமாறுகிறவர்.

உண்மையாக மாற்றிய விவாதம் என்றால் 1984. பியர் ட்ரூடோ போகும்போது விட்டுச்சென்ற பதவி நியமனங்களில் அவருக்குப் பின் வந்த லிபரல் பிரதமர் ஜோன் டர்னர் கையெழுத்திட்டிருந்தார். விவாதத்தில் தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றார். கன்சர்வேட்டிவ் தலைவர் மல்ரோனி விரலை நீட்டி, வழி இருந்தது, முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்றார். டர்னர் மறுபடியும் அதையே சொன்னார். மல்ரோனிக்கு 282இல் 211. ஆனால் 1988 விவாதத்தில் அதே டர்னர் தடையற்ற வர்த்தகத்தை வைத்து மல்ரோனியை மடக்கினார், கருத்துக்கணிப்பும் ஏறியது, தேர்தலில் தோற்றார். ஆகவே விவாதம் வென்றவர் தேர்தல் வெல்வார் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

பிரம்டனிலிருந்து: என்டிபி தலைவராக இருந்த ஜக்மீத் சிங்கை எல்லோரும் நல்லவர் என்றார்கள். வோட் மட்டும் ஏன் விழவில்லை?

கணிப்பில் கேட்கும் கேள்விகள் ஒன்றல்ல. "இவரைப் பிடிக்குமா?" வேறு. "இவர் பிரதமராக வேண்டுமா?" வேறு. தொலைபேசி வேலையில் ஒரே ஆள் முதல் கேள்விக்கு ஒரு பெயரும் இரண்டாவதற்கு வேறு பெயரும் சொல்வதை ஒவ்வொரு பின்னேரமும் கேட்பேன். 1965இல் தொடங்கிய கனடியத் தேர்தல் ஆய்வில் தலைவர்களுக்கு பூச்சியம் முதல் நூறு வரை புள்ளி போடச் சொல்வார்கள். நேர்மை, திறமை, எங்களைப் போன்றவர்மேல் அக்கறை என்று குணம் குணமாகவும் கேட்பார்கள். என்டிபி தலைவர்களுக்கு அக்கறையில் நல்ல புள்ளி விழும், நாட்டை நடத்தும் திறமை என்று வரும்போது கை தயங்கும். சிங்குக்கு 2019இல் 24 ஆசனம், 2021இல் 25. 2025இல் இரண்டு பெரிய கட்சிக்கு இடையில் நெரிந்து 7 ஆனது, பர்னபியில் அவரே மூன்றாவதாக வந்தார். பிடிக்காமல் போனதால் அல்ல. தலைப்பாகையைக் காரணம் சொன்னவர்களையும் வாசலில் சந்தித்திருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே தலைப்பாகையோடுதான் முந்திய இரண்டு தேர்தலிலும் நின்றார்.

ஹலிஃபாக்ஸிலிருந்து, ஓர் அக்கா: பெண் தலைவர் என்றால் வேறு தராசா?

1993ஐ மட்டும் சொல்கிறேன், நான் கதவு தட்டிய முதல் தேர்தல். மல்ரோனியின் செல்வாக்கு தரைமட்டமான பிறகு கட்சியை கிம் கேம்பலின் கையில் கொடுத்தார்கள். வீடு எரியத் தொடங்கியபின் சாவியைக் கொடுத்த மாதிரி. அந்தக் கோடையில் அவரை மக்களுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. பிரசாரத்தின் கடைசியில் அவர் கட்சி லிபரல் தலைவர் ழான் கிரெத்தியெனின் வாதம் தாக்கிக் கோணிய முகத்தைக் காட்டி ஒரு விளம்பரம் போட்டது. ஊர் கொதித்தது. கேம்பல் அதை நிறுத்தினார், பிந்திவிட்டது. கிரெத்தியென் சொன்னதன் சாரம்: ஆம், நான் வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசுகிறேன், அவர்களைப் போல இரண்டு பக்கத்தாலும் பேசுவதில்லை. ஆளுங்கட்சிக்கு மிஞ்சியது இரண்டே இரண்டு ஆசனம். அந்தத் தோல்வியில் பெரும்பங்கு மல்ரோனியின் கடன். பழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பெண் பிரதமர் இல்லை. தராசு வேறா என்று நீங்களே சொல்லுங்கள், அக்கா.

மீண்டும் ஸ்காபரோவிலிருந்து, வேறொருவர்: கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பர் 2013இல கொழும்பு பொதுநலவாய மாநாட்டுக்குப் போகாமல் எங்களுக்காக நிண்டவர். எங்கட சனம் ஏன் 2015இல நன்றி காட்டேல்லை?

ஏனென்றால் எங்கள் சனத்துக்கும் வீட்டுக் கடனும், பிள்ளைகளின் படிப்பும், தாய் தகப்பனைக் கூப்பிடும் விண்ணப்பமும் உண்டு. ஸ்காபரோவின் ஆறு தொகுதியும் அந்தத் தேர்தலில் லிபரலுக்குப் போனது. 2011இல் அதே ஊரில் லேட்டன் அலையோடு ராதிகா சிற்சபைஈசன் வென்ற தொகுதி, 1988இல் உருவானதிலிருந்து அதுவரை லிபரல் வைத்திருந்தது. புலிகளைத் தடை செய்ததும் ஹார்ப்பர் அரசுதான், கொழும்புக்குப் போகாமல் நின்றதும் அவர்தான். ஒரே மனிதருக்கு ஒரு தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு கணக்கு. "தமிழ் வாக்கு" என்று ஒரு மூட்டை இருப்பதாக நினைத்துக் கதவு தட்ட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கும்.

கல்கரியிலிருந்து: ஒரு பிரதமரைக் கனடியர்கள் எவ்வளவு காலம் தாங்குவார்கள்?

மல்ரோனி ஒன்பது வருடம், கிரெத்தியென் பத்து, ஹார்ப்பர் ஒன்பதுக்கு மேல், ஜஸ்டின் ட்ரூடோவும் ஒன்பதுக்கு மேல். குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட அதைவிடக் கூடிய ஆயுள்.

அதே கல்கரிக்காரர்: எதிர்க்கட்சித் தலைவரை?

அவரை மக்கள் அல்ல, சொந்தக் கட்சியே தாங்காது. கன்சர்வேட்டிவ் தலைவர் எரின் ஓட்டூல் 2021இல் ட்ரூடோவைவிடக் கூடுதல் வாக்குவீதம் எடுத்தார், ஆசனம் குறைந்தது. ஐந்து மாதத்துக்குள் அவருடைய எம்பிக்களே 73க்கு 45 என்று வாக்களித்து அனுப்பிவிட்டார்கள்.

கார்ல்டனிலிருந்து: எங்கள் தொகுதிச் சீட்டு வேட்டி மாதிரி நீளம். அதனால்தான் பொலியேவ் தோற்றார் என்கிறார்களே?

தேர்தல் முறையை மாற்றக் கோரும் ஒரு குழு வேட்பாளர்களைக் குவித்ததால் 91 பெயர். எண்ணுவது விடியும்வரை போனது உண்மை. ஆனால் அவர் 4,000க்கு மேற்பட்ட வாக்கால் தோற்றார். அது சீட்டின் நீளத்தால் வந்த வித்தியாசம் அல்ல. ஒட்டாவாவின் அரச ஊழியர்கள் வாழும் புறநகரில், அரச ஊழியரைக் குறைப்பேன் என்று சொல்லி, 2022இல் கோவிட் கட்டுப்பாட்டை எதிர்த்து நகரை அடைத்த பாரவண்டிக்காரரோடும் நின்ற ஒருவருக்கு அவர்கள் போட்ட புள்ளி அது.

அதே வருடம் ஓகஸ்டில் பொலியேவ் அல்பேர்ட்டாவின் பேட்டில் ரிவர்–குரோஃபுட் இடைத்தேர்தலில் நின்றார். அங்கே அதே குழு 200க்கு மேல் வேட்பாளரை நிறுத்தியதால் தேர்தல் திணைக்களம் வெறும் கோடு போட்ட சீட்டைக் கொடுத்தது. விருப்பமான வேட்பாளரின் பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும். எழுத்துப்பிழை பரவாயில்லை, கட்சியின் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. பத்தில் எட்டுப் பேர் பேனையால் பொலியேவ் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.